தன்சாம்பல் தேடி காஞ்சிபுரத்தில் இரண்டு நாள்

1973 மார்கழியில் காஞ்சிபுரம் போனேன். ஜெர்மன் மொழி படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் மொழிபெயர்ப்பு வேலை அது. கூட வந்த ஹில்டா, ஜெர்மனியில் சொந்தமாகக் கைத்தறி வைத்திருப்பவர். அவருக்கு ‘ஐகன்கிராவ்’ நிறத்தில் பட்டு நூல் வேண்டும். சென்னையில் கேட்ட இடமெல்லாம் கறுப்பைத்தான் காட்டினார்கள். இன்னும் மூன்று நாளில் அவருக்கு ஊர் திரும்பும் விமானம்.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். வழியில் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். ‘ஐகன்’ என்றால் சொந்தம், ‘கிராவ்’ என்றால் சாம்பல். துளி வெளிச்சமில்லாத இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தால் முழுக் கறுப்பு தெரியாது, ஒருவிதச் சாம்பல்தான் தெரியும். பார்வையை ஆராய்ந்த ஜெர்மானியர்கள் முதலில் அதைக் கண்ணின் ‘சொந்த ஒளி’ என்றார்களாம். ‘சொந்தச் சாம்பல்’ பிறகு வந்த பெயர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாயக்காரரிடம் இதை எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

முதலில் போன சாயப்பட்டறையில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். அடுத்து செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் பிடித்தோம். அங்கே கணவரோடு சாயம் போடுகிற கன்னியம்மாளைப் பார்த்தோம்.

“மாதிரி நூல் இருக்குதாம்மா?”

“இல்லீங்க. இருட்டுல கண்ணுக்குத் தெரியற கலர்.”

“இருட்டுல இன்னாம்மா தெரியும்? கருப்புதான்.”

“வாங்களேன், பாத்துடலாம்” என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ!

நூல் வைக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு மூவரும் நின்றோம். சற்று நேரம் கழித்துக் கன்னியம்மாளின் குரல் வந்தது.

“ஐயோ, கருப்பில்லமா! அடுப்புச் சாம்பல்ல தண்ணி தெளிச்சாப்புல இருக்குது. பொடிப்பொடியா அசைஞ்சிக்கினு வேற இருக்குது!”

நான் ஜெர்மனில் சொன்னதும் ஹில்டா இருட்டிலேயே கைதட்டினார்.

அன்று மாலை கைலாசநாதர் கோயில் பார்த்துவிட்டு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் செவிலிமேட்டுக்குப் போனபோது கன்னியம்மாள் சாயம் போட்ட நூல் காய்ந்து தயாராக இருந்தது. வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றிப் பார்த்த ஹில்டா, “இதுதான்!” என்றார், தமிழிலேயே.

“நம்ம பாஷையில இதுக்கு இன்னாம்மா பேரு?” என்று கன்னியம்மாள் கேட்டார்.

“தன்சாம்பல்” என்றேன். வாயில் தானாக வந்தது.

“ஏங்க, கேட்டீங்களா? தன்சாம்பலாம்! நல்லாக்குது இல்ல?” என்று உள்ளே இருந்த கணவருக்குக் குரல் கொடுத்தார். ஜெர்மானியர்கள் இரண்டு சொல்லை ஒட்டினார்கள், நம்மிடமும் இரண்டு சொல் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நூலுக்குச் சாயம் போட்டு வாங்கப் போகிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள். நிறத்தை வெயிலில் பார்க்காமல் வாங்காதீர்கள். கையில் மாதிரி இல்லையென்று தயங்கவும் வேண்டாம், வாயால் சொல்லிப் பாருங்கள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார். “மொழிபெயர்ப்பாளர்” என்று முதல்முறையாக, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.