ஃபேபியோலா வைத்த நாக்குப் பரீட்சை

மராத்தி பேசும் ஊரான தாபோடியில் பல் மருத்துவராக இருக்கும் ஃபேபியோலாவுக்கு மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்தால் குஷி. புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது என்று சொல்ல வருவதே அதை விற்க வருகிறவர்கள்தான் என்பதால், அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாய் கொப்பளிக்கும் மருந்து கொண்டுவந்தவர் அவர் எதிரிலேயே கொப்பளிக்க வேண்டும். பற்பசை கொண்டுவந்தவர் அங்கேயே பல் துலக்க வேண்டும்.

இது தெரியாமல் ஒரு நாள் ஹரிபிரசாத் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வேலைக்குப் புதுசு. டாக்டர் தமிழ் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த ஜெல்லைத் தடவினா உடனே மரத்துருமுங்க மேடம். கைக்குழந்தைக்கும் எழுதலாமுங்க."

"அச்சா? சேர்ல உக்காருங்க தம்பி."

"எனக்குப் பல்வலி இல்லீங்களே!"

"ஜெல்லுக்கு அது தெரியாது. நாக்க நீட்டுங்க."

நீட்டினார். தாராளமாகத் தடவினார் டாக்டர். சற்றுப் பொறுத்து, "ம், மிச்சத்தச் சொல்லுங்க" என்றார்.

"மேதம்... இந்தத் தெல்லு..."

அந்த நேரம் பார்த்து அவருடைய மேலாளர் ஸ்வாமிநாதன் போனில் கூப்பிட்டார். "தார், தாபோதில இதுக்கேன்" என்று இவர் குழற, அந்தப் பக்கத்துக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. "என்னய்யா, பகல்லயே சரக்கா?"

ஃபேபியோலா போனை வாங்கிக்கொண்டார். "ஆமா சார், சரக்குதான். உங்க கம்பெனி சரக்கு!"

சிரித்து முடித்துத் திரும்பினால், ஹரிபிரசாத்தின் உதட்டோரம் ரத்தம். நாக்கைக் கடித்துக்கொண்டது அவருக்கே தெரியவில்லை. டாக்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தினார்.

"பாத்தீங்களா? உங்களுக்கே தெரியல. கைக்குழந்தைக்கு எப்படி எழுதறது?" என்று ஜெல் பெட்டிக்குள்ளிருந்த தாளை எடுத்து நீட்டினார். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஹரிபிரசாத் அதைப் பிரித்தே பார்த்ததில்லை.

அதற்காக டாக்டர் ஜெல்லை ஒதுக்கிவிடவில்லை. வாய்ப்புண்ணோடு வரும் பெரியவர்களுக்கு எழுதித் தந்தார்.

அடுத்த முறை ஹரிபிரசாத் வலி மாத்திரையோடு வந்தார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "வெறும் வயித்துல போட்டா எரியுமுங்க மேடம், தாள்ல போட்டிருக்குதுங்க" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அதான் நல்லா சாப்புட்டே வந்திருக்கேனுங்க" என்றார்.