திரும்பி வாறதையும் சொல்லு

தம்பானூரில் நான் காவல் பொறுப்பு பார்க்கும் லாட்ஜின் வாசலில், காலையில் ஒரு சுற்றுலா பஸ்ஸைப் பின்னால் எடுக்கக் கைகாட்டிக்கொண்டிருந்தபோது உமாவின் அழைப்பு வந்தது. "சித்தப்பா, அப்பா போயாச்சு. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் விளிச்சாங்க" என்றாள். டிரைவர் என் கையைப் பார்த்துக் காத்திருந்தார். அதை இறக்கவோ அசைக்கவோ தோன்றாமல் நின்றேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

உமாவின் அப்பா சுபேதார் தாணுமாலயனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் குடியிருந்த வலியசாலையில் உள்ளவர்களுக்கு அவர் காலையில் பால் வாங்கிக்கொண்டு ஓரமாக நடந்துபோகும் பென்ஷன்காரர். எங்களுக்கு அவர் செக்‌ஷன் கமாண்டர், அதாவது பத்துப் பேர் கொண்ட சின்னக் குழுவின் தலைவர். நான் சொல்லப்போகும் நாளில் அவர் ஹவில்தார். நான் அவருக்கு அடுத்த ஆளான நாயக். அவர் நாகர்கோவில் பக்கம், நான் சங்கரன்கோவில். டியூட்டிக்கு வெளியே அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். டியூட்டியிலும் பலமுறை வாய்தவறி அதுவே வந்துவிடும்.

வடக்கே ஒரு மலை முகாமில் இருந்தோம். எங்களுக்கு மேலே இருந்த காவல் முனையில் ஒரு ஜவானுக்குக் காலெலும்பு முறிந்து, புண்ணும் சீழ் வைத்துவிட்டது. மேகம் இறங்கிக் கிடந்ததால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. மறுநாள் விடிந்ததும் போய், இருட்டுவதற்குள் அவனைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று எங்கள் செக்‌ஷனுக்கு உத்தரவு வந்தது. பாதையில் ஒரு வளைவு எதிர்ப்பக்கத்துக் காவல் முனைக்கு நேராகத் தெரியும். மூடுபனி இருக்கும்போதே அதைக் கடக்க வேண்டும். அதற்கப்பால் ஒரு செங்குத்தான பள்ளம். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். கயிறு இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

நான் என்றால் ஸ்ட்ரெச்சரைத் தூக்குங்கடா என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். அண்ணாச்சி அப்படி இல்லை. உத்தரவு வந்த கையோடு எல்லாரையும் கூப்பிட்டு, "நாளைக்கு மேல போறோம். சாமானைப் பாருங்க, மிச்சத்தைப் பொறவு சொல்லுதேன்" என்றார். அதற்குப் பிறகுதான் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பாதையைப் பார்க்கப் போனார். முழுத் திட்டமும் கைக்கு வரட்டுமே, இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். "மேல உள்ள ஆபீசருங்க பாதி நேரத்தத் தின்னாச்சு. மிச்சத்த நான் தின்னுட்டா பயலுவோ எப்பம்டே பூட்ஸுக்கு எண்ணெய் போடுவானுவோ?" என்றார்.

திரும்பி வந்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் குழைத்து மலையைச் செய்ய உட்கார்ந்தார். மடித்த சாக்கு மலைமுதுகு, தீப்பெட்டி காவல் முனை, டீத்தூள் சக்கை பள்ளம், பிரித்த காலுறையின் சிவப்பு நூல் பாதை. காலுறை என்னுடையது. எல்லாரும் சுற்றி உட்கார, யார் எங்கே, எப்போது, எதற்கு என்று மெதுவாகச் சொல்லி முடித்தார். பிறகு அந்த மண் மலைக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் இல்ல. இனி நீங்க சொல்லுங்க."

புறப்படுவதற்கு முன்னால் இப்படிப் படுப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அபசகுனம் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டால்தானே. ஒவ்வொருவனும் திட்டத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு கண் மட்டும் திறக்கும். மேலே போய் ஆளைத் தூக்கியதோடு நிறுத்திக்கொண்டாலும் அந்தக் கண் திறக்கும். "போனது செரி. திரும்பி வாறதையும் சொல்லு." அன்று இன்னொன்றும் கேட்டார். கீழே கொண்டுவர வேண்டிய ஆள் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டால்? அதற்காகக் கூடுதலாக இரண்டு கம்புகளும் ஒரு கம்பளியும் சுமையில் சேர்ந்தன. சுமந்தவன் நான். முணுமுணுத்துக்கொண்டேதான் சுமந்தேன்.

மாலையில் முகாமுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒத்திகை. கல்லாற்றுக்காரன் பிஜு மேலே நின்றான். எங்கள் ஊர்ப் பையன் முருகேசன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே. "கயறு" என்று பிஜு கத்தினான். மலையாளத்தில் அதற்கு ஏறு என்று அர்த்தம்; பஸ்ஸில் ஆள் ஏற்றும் கண்டக்டர் தம்பானூரில் அப்படித்தான் சொல்வார். முருகேசனுக்கு அது கயிறு என்று கேட்டது. நல்ல பிள்ளையாக இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மேலே நீட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. நாளை அந்தப் பள்ளத்தில் இவன் கயிற்றை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சிரிப்பு நின்றது. "இனி கயறும் கெடையாது, கயிறும் கெடையாது. மேல வரணும்னா ஏறு. கயிறு வேணும்னா வடம்." தேர் இழுப்பவனுக்கும் தெரிந்த வார்த்தை, ஓணத்துக்கு வடம்வலி என்னும் கயிறு இழுக்கும் போட்டி பார்த்தவனுக்கும் தெரிந்த வார்த்தை. படுக்கப் போகும்வரை ஒருவனைப் பார்த்து ஒருவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் போனது நல்லபடியாகத்தான் நடந்தது. காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு திரும்புகையில், பள்ளத்தின் அடியில் வைத்து மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து அண்ணாச்சியின் தலைக்கவசத்தில் விழுந்தது. மல்லாந்து விழுந்தார். கண் மூடியிருந்தது. நான் அந்த ஒரு கண் திறக்கும் என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். திறக்கவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குப் பயம்தான். ஆனால் முந்தின நாள் சொன்னதுதானே, வாய் திறந்ததும் தானாக வந்தது. கம்புகளையும் கம்பளியையும் வைத்து இரண்டாவது ஸ்ட்ரெச்சர் கட்டினோம். பனியில் எதிரே நின்றவன் முகம் தெரியவில்லை. மேலே போய் நின்ற பிஜு "வடம்" என்றான், கயிறு போனது. "ஏறு" என்றான், முருகேசன் ஏறினான். இடுப்புக் கட்டில் ஒருவனும் கை வைக்கவில்லை.

சாயங்காலம் மருத்துவக் கூடாரத்தில் அண்ணாச்சி கண் விழித்தார். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "எல்லாரும் வந்தாச்சு" என்றேன். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய் அழுதேன்.

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் திருந்தவில்லை. ஒருமுறை இரண்டு குடும்பமாகப் பொன்முடி மலைக்குப் போகக் கிளம்பினோம். வலியசாலை வீட்டின் கூடத்தில் அரிசியைக் குவித்து மலை செய்து, கறிவேப்பிலையால் காடு வைத்து, பக்கத்தில் படுத்துவிட்டார். உமா வெட்கப்பட்டுக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அண்ணாச்சியின் மனைவி பகவதி மதினி மட்டும் முறத்தோடு நின்று, எங்கே சாப்பாடு, யார் பக்கத்தில் யார், கல்லாற்றில் எவ்வளவு நேரம், எப்போது திரும்புவது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "இனி எந்திரிங்க, அரிசிய வாரணும்" என்றாள். அண்ணாச்சியின் அந்த ஒரு கண் திறக்கவே இல்லை. "இவளை செக்‌ஷன்ல எடுத்திருந்தா நீ நாயக்காவே ரிட்டயர் ஆயிருப்படே" என்று என்னிடம் சொன்னார்.

உமா அழைத்ததற்கு மறுநாள் காலை, அதே கூடத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கல்லாற்றில் கடையைப் பூட்டிவிட்டு பிஜு வந்திருந்தான். முருகேசன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். ஆளுக்கொரு யோசனையாகப் பேச, உமா என்னைப் பார்த்தாள். எங்கள் ஆட்களை அவர் காலடியில் கூட்டி, யார் யார் தூக்குவது, எந்தத் தெரு வழி, வண்டி எங்கே நிற்கும், தைக்காட்டு மயானத்தில் யார் முன்னால் போய்ப் பேசுவது என்று சொல்லி நிறுத்தினேன். நாங்கள் மூன்று பேருமே அவர் முகத்தைப் பார்த்தோம். பழக்கம் அப்படி.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மதினிதான் பேசினாள். "திரும்பி வாறதச் சொல்லலியே தம்பி."

பிஜுதான் சொன்னான், மதியத்துக்குள் வந்துவிடுவோம் சேச்சி என்று.

லாட்ஜிலிருந்து மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பது என் வழக்கம். டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. இனியும் கேட்பேன்.

மதியம் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வலியசாலைக்குத் திரும்பினோம். மதினி வாசலுக்கு வந்து நின்றாள். "வந்தாச்சு" என்றேன். எல்லாரும் என்று சொல்ல வாய் வரவில்லை.