சீசனுக்கு ஒதுங்க மாட்டோம்

மூன்று வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. கணவர் இறந்துவிட்டதால் நானும் மகளும் மட்டும் ஆத்தூரிலிருந்து மலையேறினோம். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. குளிர்ந்த ஊரில் பிள்ளை நன்றாகப் படிப்பாள் என்று கனவு கண்டுகொண்டு போன எனக்கு, வாடகை வீடு தேடத் தொடங்கியதும் தலை சுற்றியது.

வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் போன இடமெல்லாம் ஒரே நிபந்தனை. "சீசனுக்கு மட்டும் ஒதுங்கிக்கோணுமுங்க."

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடுவார்களாம். குடியிருப்பவர்கள் சாமான்களைப் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டு, ஏதாவது உறவினர் வீட்டில் காலம் தள்ளி, ஜூனில் திரும்ப வேண்டுமாம். மழை வெயிலை ஏற்றுக்கொள்வது மாதிரி எல்லோரும் இதையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

கிளியூர் பக்கம் இரண்டு போர்ஷன் வீடு ஒன்று பிடித்திருந்தது. வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஏப்ரல்ல பொண்ணுக்குப் பரீட்சைங்க. நான் ஒதுங்க மாட்டேன். சம்மதம்னா அட்வான்ஸை வாங்கிக்குங்க."

"அப்பப் பாத்துக்கலாமுங்க" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். நாளாக நாளாக வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார், பாவம்.

பக்கத்துப் போர்ஷனில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா இருந்தார். ஒவ்வொரு சீசனுக்கும் அடிவாரத்தில் குப்பனூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அங்கிருந்து காலை பஸ் பிடித்து மேலே வேலைக்கு வருவார். மார்ச் கடைசியிலேயே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க நர்ஸம்மா, இன்னும் கட்டலீங்களா? வம்பு வேண்டாமுங்க. நம்ம ஊடா என்ன?"

"வாடகை குடுக்கற வரைக்கும் நம்ம வீடுதான்க்கா" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பரீட்சைகளுக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் ஒரு கார் நிறைய ஆட்களோடு வந்து நின்றார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பிள்ளை உள்ளே படிக்கிறாள் என்றேன்.

"ஊரே ஒதுங்குது, உங்களுக்கு மட்டும் என்னங்க? அட்வான்ஸைத் தந்தர்றேன், இன்னைக்கே காலி பண்ணிப்போடுங்க."

உண்மையிலேயே வெளியே தள்ளிவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? ஆனாலும் குரலை இறக்கவில்லை. "வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் வந்தேன். இந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன். போலீஸைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க."

அந்த நேரம் பார்த்து, அன்றுதான் குப்பனூருக்குக் கிளம்பவிருந்த அக்கா மூட்டையோடு வெளியே வந்தார். எனக்குப் புத்தி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"அப்ப நானும் போகலீங்க. தங்கச்சி மாமியார்கிட்ட வருசா வருசம் பேச்சு வாங்கறது நாந்தானுங்களே? நொம்ப அலுத்துப்போச்சுங்க."

அங்கேயே முடிச்சை அவிழ்த்து, சோற்றுக் குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். காரில் இருந்தவர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டு மாடியைக் காலி செய்து அவர்களைத் தங்க வைத்தார். அந்த சீசனுக்கு ஒதுங்கிக்கொண்டது அவர் குடும்பம்தான்!

பிறகு ஆறேழு மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மகள் பரீட்சையை முழுதாக எழுதி முடித்தாள். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம், அக்காவும்தான். ஒருத்தி நின்றால் இன்னொருத்திக்கும் நிற்கத் தைரியம் வரும் என்பதை அந்த வாசலில் கண்ணால் பார்த்தவள் நான். இனி நியாயமில்லாமல் யாராவது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னால், அந்த நினைப்பே போதும், நகர மாட்டேன்.