குடத்தில் வந்த பொட்டுக் கெண்டை

வெள்ளாற்றில் ஓட்டம் நின்ற பிறகும் எங்கள் ஊரோரம் ஒரு மடுவில் முழங்காலளவு தண்ணீர் தங்கிக் கிடக்கும். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், டவுன் கல்லூரியிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து அந்த மடுவில் மீன்குஞ்சுகளை எண்ணினார். ஊரில் அவருக்கு மீன் டீச்சர் என்று பெயர். எண்ணியதையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். என் மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"புடிச்சுப் புடிச்சு விடுறதுக்கா டீச்சர் இம்புட்டுத் தூரம் வாரீங்க?"

"எனக்குக் கொழம்பு வைக்கத் தெரியாதுண்ணே," என்பார் அவர்.

அவர் தேடியது, வளர்ந்தால் வாலடியில் பொட்டு விழும் பொட்டுக் கெண்டை. மற்ற ஆறுகளில் அழிந்துகொண்டு வருகிறதாம். ஒருநாள், தூரத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டு வெள்ளைப் பீங்கான் தட்டைக் காட்டினார். முதலில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு தண்ணீரில் கண்கள் முளைத்தன. ஊசியளவு உடம்பு, அதற்குள் முதுகெலும்பு, தலையோரம் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. என் மூச்சுப் பட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மடு வற்றத் தொடங்கியது. மாமா கரையில் நின்று பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வத்தட்டும். கொசுவலைய வச்சு அம்புட்டையும் அள்ளிக் கோழிக்குப் போட்டுருவோம்," என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளியில் குஞ்சுகளை மொண்டு ஊருணிக்குக் கொண்டுபோனேன். ஊருக்கு அதுதான் குடிதண்ணீர். செருப்போடு கரை ஏறக் கூடாது, காலை நனைக்கக் கூடாது, மீன் பிடிக்கவே கூடாது. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. தினமும் கொண்டுபோனேன்.

டீச்சரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பிறகு இரண்டு சனிக்கிழமை ஒன்றுகூட அகப்படவில்லை. எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அம்மாவிடம், "அடுத்த வாரமும் இல்லைன்னா, இங்க அந்த மீனே இல்லைன்னு எழுதிட்டு வேலைய முடிச்சுக்க வேண்டியதுதாங்க," என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உண்மை வாய்வரை வந்தது. குடிக்கிற தண்ணீரில் மீன் விட்டவனை ஊர் என்ன செய்யும் என்று நினைத்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில், நாலு குஞ்சையாவது மடுவில் திருப்பி விட்டுவிடலாமென்று தூக்குவாளியோடு ஊருணிக்குப் போனேன். கரை நிறையப் பெண்கள். வெறும் வாளியோடு மடுவுக்குப் போனால், டீச்சர் வெறும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா ஒரு செம்பைக் கையால் மூடியபடி வேகமாக வந்தாள்.

"டீச்சர், கொடத்துல வடிகட்டயில துணில நின்னுச்சு. ஒங்க மீனு மாதிரி இருக்கு, பாருங்க."

டீச்சர் தட்டில் ஊற்றினார். வாலடியில் பொட்டு விழத் தொடங்கியிருந்தது.

"எந்தத் தண்ணிங்க இது?"

"ஊருணித் தண்ணிதான்."

"அங்கிட்டு எப்புடிப் போச்சு? நடந்தா?" என்றார் கரையில் நின்ற மாமா.

டீச்சர் ஊருணிக்கு ஓடினார். கரையில் செருப்பை உதறினார். வலை போட முடியாத இடம். படியில் குப்புறப் படுத்துவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். வெயில் இறங்கிய தண்ணீரில் கணக்கில்லாத குஞ்சுகள் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் திரும்பின. பிறகு எல்லாம் சேர்ந்து மறுபக்கம். மாமாகூடக் குனிந்து பார்த்தார்.

வெகுநேரம் கழித்து டீச்சர் எழுந்து, நோட்டைத் திறந்து, பல வாரத்து எண்களின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, என் முகத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய வேலையெல்லாம் என்னால் பாழாகிவிட்டது, அதனால்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு சனிக்கிழமைகளில் பஸ் சத்தம் கேட்டதுமே வைக்கோல்போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். ஒவ்வொரு முறையும் "தம்பி எங்கங்க?" என்று கேட்டுவிட்டுப் போனதாக அம்மா சொல்வாள். எதற்குக் கேட்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை.