தாளம் தப்பினால் பள்ளம்

கணினி விளையாட்டு செய்யும் தொழிலில் ஒரு வசதி உண்டு: செய்தது சரியாக ஓடாவிட்டால், "இது பீட்டாதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். பீட்டா என்பது, நாலு பேர் ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்காகக் கொடுக்கும் அரைகுறைப் பதிப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலிருந்த அறையில் நானும் குமரனும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். குமரன் படம் வரைவான், நான் புரோகிராம் எழுதுவேன். உறுமி மேளத்துக்கு ஏற்றபடி விசையைத் தட்ட, ஒரு குட்டி ஆள் பலகைக்குப் பலகை தாவ வேண்டும். தாளம் தப்பினால் பள்ளம். நான் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள். தீபாவளிக்குள் ஒரு கடையிலாவது இது ஏறாவிட்டால் வங்கிக்கே திரும்பிவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். முடிக்காத வேலையை அடுத்தவர் முன்னால் வைத்துவிட்டு வியர்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கார அங்கிள்

கட்டடத்தின் சொந்தக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள். மேளச் சத்தம் தாங்காமல் ஒருநாள் சண்டை போட ஏறி வந்தார். கோபத்தை ஆற்ற, நாற்காலியில் உட்காரவைத்து முதல் பதிப்பைப் போட்டுக் காட்டினேன். மேளம் தொடங்கியது. எங்கள் ஆள் தரை வழியாகவே கீழே நழுவிக் காணாமல் போனான். மறுபடி போட்டேன், மறுபடியும் போனான். அங்கிள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பிள்ளை, உவனுக்கு இன்னும் நிக்கவே தெரியேல்லை. அதுக்குள்ள ஏன் மேளம் அடிக்கிறியள்?"

கணேசன் அண்ணே

விளையாட்டில் கேட்கும் உறுமி, கிள்ளானில் லோரி ஓட்டும் கணேசன் அண்ணே வாசித்துக் கொடுத்தது. தரையைச் சரிசெய்ததும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டோம். தன் வாசிப்புக்குத் தானே தாவுவதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தோம். அவரோ முதல் பள்ளத்தைத் தாண்டவே இல்லை. பதிவில் ஒரு அடி விழும் இடத்தில் இவர் விரல் இரண்டு அடி போட்டது. "அண்ணே, நீங்க வாசிச்ச மாதிரியே தட்டுங்க" என்று குமரன் பணிவாகச் சொல்லிப் பார்த்தான்.

"அது அன்னிக்கு வாசிச்சது தம்பி. இன்னிக்கு எனக்கு வேற மாதிரி வருதே, மெஷின்தான் கூட வரணும் லா."

கலா அக்கா

கீழே தையல் கடை வைத்திருந்த கலா அக்கா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி வந்து உட்கார்ந்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடைசிக் கட்டத்தையும் முடித்திருந்தார். குமரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அடிகூடத் தப்பாமல் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டான்.

"சத்தம் மண்டைய இடிச்சிச்சு, ஸ்பீக்கர அடைச்சிட்டேன். பள்ளம் வந்தா தாண்ட வேண்டியதுதானே தம்பி, அதுக்கு எதுக்கு மேளம்?"

செராஸ் கடை

அதற்குப் பிறகு, தாளத்தில் தட்டினால் மட்டுமே தாவும்படி எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். தீபாவளி நெருங்கிவிட்டது. செராஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த லிம்மிடம் கொண்டுபோனோம். அவர் பந்திங் பக்கம் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். வாசலோரம் இருந்த புத்தம்புது கம்ப்யூட்டரில் போடச் சொன்னார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஆளின் ஓட்டத்தை நான் கம்ப்யூட்டரின் வேகத்தோடு கட்டியிருந்தேன். அதுவோ எங்களுடையதைவிடப் பல மடங்கு வேகமானது. மேளம் நிதானமாக முழங்க, எங்கள் ஆள் நாய் துரத்தியவன் மாதிரி பாய்ந்து, முதல் அடி விழுவதற்குள் பள்ளத்தில் இருந்தான். எழுந்தான், ஓடினான், விழுந்தான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, திருத்திக்கொண்டு வருகிறேன் என்று டிஸ்கை எடுக்கக் கை நீட்டினேன். லிம் என் கையைத் தடுத்தார்.

"ரிப்பேர் பண்ணாத தங்கச்சி. இப்படியே வுட்டுட்டுப் போ லா, எத்தன பேரு நிக்கறாங்க பாரு."

அப்பா சொன்ன கெடுவுக்குள் அப்படித்தான் எங்கள் விளையாட்டு ஒரு கடையில் ஏறியது. சரியான வேகத்தில், சரியான தாளத்தில் ஓடும் பதிப்பையும் பிறகு செய்து முடித்தோம், அதை ஆசையாக விளையாடியவர்கள் நானும் குமரனும் மட்டும்தான்.