டிக்கெட் கவுன்டரில் கரடிக்குட்டி

நெவெங்கா எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்றே நினைத்தேன், இவளோடு மாரடிக்க என்னால் ஆகாது என்று. நோவி சாட் நகரத்தில் கேம் செய்கிற இடத்தில் பல வருடம் புரோகிராம் எழுதியவள். காட்டில் ஒரு கரடிக்குட்டி அலைகிற கேம். அது வெளியே வருவதற்குள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். எங்களிடம் அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இவள் சம்பளம்தான் சோறு.

நாங்கள் பஸ் நிலையங்களுக்கு டிக்கெட் மென்பொருள் எழுதுகிறவர்கள். பொத்தானை அழுத்தினால் டிக்கெட் வர ஒன்பது நொடி ஆகும். அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. கூட்டம் கூடினால் இன்னொரு சர்வர் வாங்கிப் போடுவோம்.

"ஒன்பது நொடியா? அதுக்குள்ள எங்க கரடி செத்துப் பொழச்சு மறுபடியும் செத்துடும்" என்றாள்.

"இது கரடி இல்ல தாயே, சோம்போர் ஊருக்குப் போற பஸ்ஸு. அதுவே அரை மணி லேட்டாத்தான் வரும்."

அவள் சிரிக்கவில்லை. தோண்டிப் பார்த்தாள். ஒரு டிக்கெட்டுக்காக எல்லா பஸ்ஸின் எல்லா இருக்கைகளையும் எங்கள் புரோகிராம் படித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் கண்மூடித் திறப்பதற்குள் டிக்கெட் வந்தது.

வினையும் அங்கேதான் வந்தது. முதல் நாளே பலருக்கு இரண்டிரண்டு டிக்கெட். கவுன்டரில் ஒரே ரகளை. மேலாளர் ஸினிஷா என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழசையே போடு. அந்தம்மாவையும் அனுப்பிடலாம்" என்றார்.

அதற்குள் எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. "வேகந்தானே வினை? எட்டு நொடி சும்மா நிக்கிற மாதிரி ஒரு வரி எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"வேணும்னே ஜனங்களக் காக்க வைக்கிறதா? என்னால ஆகாது ரான்கோ. வேலை போனாப் போகட்டும்." எனக்கு எரிச்சலாக வந்தது. மகளை நினைத்தாளா இவள்?

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையம் போய், டிக்கெட் கொடுக்கிற ஸகோர்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸகோர்கா பொத்தானை அழுத்திவிட்டு சில்லறைக்குக் குனிவாள். நிமிர்வதற்குள் டிக்கெட் அடித்து முடிந்து திரை காலியாகியிருக்கும். பிரின்டர் அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு கவுன்டருக்கும் பொதுவாக எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கும். அழுத்தியது விழவில்லை என்று மறுபடியும் அழுத்துவாள்.

"முன்னாடி அது கொஞ்சம் யோசிக்கும், பொண்ணே. இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு, பயமா இருக்கு" என்றாள் ஸகோர்கா.

நெவெங்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கேம்ல அடி விழுந்தா, விழுந்துச்சுன்னு விளையாடுறவனுக்குத் தெரியணும். இதப் போய் மறந்தேனே."

அன்றே மாற்றினாள். விற்ற டிக்கெட் அடுத்த ஆள் கேட்கும்வரை திரையில் பச்சையாக நிற்கும். கூடவே 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வரிசையில் நின்று பார்த்தோம். ஸகோர்கா தலை நிமிரவே இல்லை. டக் என்று கேட்டதும் கையைப் பின்னால் நீட்டி டிக்கெட்டை எடுத்தாள். இரட்டை டிக்கெட் ஒன்றுகூட இல்லை. மதியம் ஸினிஷா போன் செய்தார்: "அந்தம்மாவ இருக்கச் சொல்லு."

"சத்தம் நல்லாருக்கே, எங்க புடிச்ச?" என்று கேட்டேன்.

"என் சமையக்கட்டுல. வால்நட் உடைச்சு நானே பதிவு பண்ணினது. கரடிக்குட்டி காட்டுல அதத்தான் உடைச்சுத் தின்னும்" என்றாள். "யாரும் கேக்காமலே போயிடும்னு நெனச்சேன்."

எங்கள் முறை வந்தது. அவள் பின்னால் இருந்தவரை முன்னே போகச் சொன்னாள்.

"நாம எங்கயும் போகலையே, இன்னும் எதுக்கு நிக்கிற?" என்றேன்.

கவுன்டரில் மறுபடியும் டக். "கொஞ்ச நேரம்" என்றாள். நானும் நின்றேன்.