நூலகத்தில் நான் பார்த்த நிலம்

நான். மனுசி புஷ்பம். அவளின் தமையன், கர்க்லாண்ட் பக்கம் இருக்கிற மச்சான். இங்கிலிஸ் கதைக்கும் வழிகாட்டிப் பெட்டை ஒருத்தி. நாலு பேர்.

இடம் — சீனாவில் ஒரு பழைய பொது நூலகம். நகரத்தின் பேர் என் வாயில் நுழையாது, விடுங்கோ. போன மாதம் கனடா மொன்றியலில் இருந்து ஊர் பார்க்கிற ரூர் போனோம்.

கல்படி. இரண்டு கல் சிங்கம். சிவப்புக் கதவு. பார்த்தால் கோயில்தான்.

புஷ்பம் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"எடியே, இது லைப்ரரி" என்றார் மச்சான்.

"புத்தகம் சரஸ்வதி எல்லே? சப்பாத்தோட போறதே?"

"சரஸ்வதிக்குச் சீனம் தெரியுமோ?"

"முப்பது வருசமா கியூபெக்கில இருக்கிறியள். உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமோ அண்ணை?"

மச்சான் கதவுப் பக்கம் திரும்பினார். சப்பாத்தைக் கழற்றவில்லை. பெட்டையும் தடுக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்திருப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புஷ்பத்துக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஊசி குத்தினாலும் தெரியாது. போன வருசம் சின்னக் காயம் ஒன்று பழுத்து, ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். சப்பாத்து இல்லாமல் ஓரடியும் வைக்கக்கூடாது — டொக்டர் சொன்னது. சொன்னால் கேட்கிற ஆளா?

"நான் இப்பிடித்தான் போவன். நீங்கள் வேணுமெண்டா வெளியில நில்லுங்கோ."

நானும் கழற்றினேன். அவளுக்கு முன்னால் நடந்தேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டே. டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் கிச்சினில் இருபது வருசம் நிலம் துடைத்தவன். குத்துகிற சாமான் எங்கே கிடக்கும் என்று தெரியும். பெட்டை ஏதோ ராசா, ஏதோ கூரை என்றாள்... நான் நிமிரவில்லை. பொறுக்கியது — ஸ்டேப்பிள் பின் இரண்டு, பென்சில் முனை ஒன்று.

இதற்குள் வாசலில் வேறு கூத்து. எங்களைப் பார்த்து ஒரு சீனக் கிழவர் கழற்றினார். அவரைப் பார்த்து ஒரு குடும்பம். பிறகு வந்தவர்கள் யாரையும் கேட்கவே இல்லை. சட்டம் எல்லாம் இப்படித்தான் பிறக்கிறது போல.

ஒரு கிழவி மச்சானின் காலைக் காட்டிக் கத்தினாள்.

"என்னவாம்?" என்றார் மச்சான்.

பெட்டை சிரிப்பை அடக்கினாள். புத்தகத்துக்கு மரியாதை இல்லையா என்று கேட்கிறாவாம்.

மச்சான் கழற்றினார். சொக்ஸ் ஓட்டைக்குள்ளால் பெருவிரல் வெளியே வந்தது.

"ஆரண்ணை அது, எட்டிப் பாக்கிறது?" என்றாள் புஷ்பம்.

வெளியில் வந்தால் சப்பாத்துக் குவியல். எங்களுடையதைக் கிண்டி எடுத்தோம்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் அவளின் சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் உருவினேன்.

"சனம் பாக்குது, விடுங்கோ."

விடவில்லை. உள்ளங்கால் பார்த்தேன். விரல் இடுக்குப் பார்த்தேன். கீறல் இல்லை. பிறகு இரண்டு காலிலும் விரல்களை எண்ணினேன்.

ஒன்பது.